இடி இடித்ததும் விழுகிற சுவிட்ச்

அக்டோபர் மாதம். மாலை மணி நான்கு. ஈப்போவுக்கு மேற்கே கிளேடாங் மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொடியில் காயும் துணிகளை அள்ள அம்மா வெளியே ஓடுகிறார். பளீரென்று ஒரு மின்னல், அதன் பின்னாலேயே இடி. வீட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மின்விசிறி நிற்கிறது, வைஃபை போய்விடுகிறது. அண்ணன் நாற்காலி போட்டு ஏறி, கதவுக்கு மேலுள்ள மின்பெட்டியைத் திறந்து, விழுந்து கிடக்கும் சுவிட்சைத் தூக்கிவிடுகிறார். இன்னோர் இடி. மறுபடியும் 'டப்'. "பெரிய தொல்லையாப் போச்சு. வயர்மேனைக் கூப்பிட்டு இத எடுத்துட்டு நேரா கனெக்சன் கொடுக்கச் சொல்லணும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை கேட்டால் "வேண்டாம்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஏன் வேண்டாம் என்பதையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குளிர்நாடுகளில் அக்டோபர் வந்துவிட்டால் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வார்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. குழாய்க்குள் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். அதனால் குழாய்களைச் சுற்றிக் கட்டுவார்கள், வெப்பமூட்டும் கருவியைச் சோதிப்பார்கள், மின் இணைப்புகளைப் பார்ப்பார்கள். ஈப்போவில் அந்தக் கவலை இல்லை. விடியற்காலையில் 23, 24 பாகை செல்சியசுக்கு இறங்கினாலே நாம் போர்வையைத் தேடுகிறோம். ஆனால் வீட்டைத் தயார் செய்ய வேண்டிய பருவம் நமக்கும் உண்டு. அது இடிமழைப் பருவம்.

ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் மாதங்களிலும், ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்கும் இடைவெளி வருகிறது. இதைத்தான் வானிலைத் துறை பருவக்காற்று மாற்றக் காலம் என்கிறது. அப்போது பெரிய காற்று எதுவும் வீசாது. பகல் முழுவதும் கிந்தா பள்ளத்தாக்கின் தரை சூடேறும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர், நடுவில் ஈப்போ. சூடான ஈரக்காற்று மேலே எழும்ப இதைவிட வசதியான இடம் வேண்டுமா? மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, மதியத்துக்குப் பிறகு மேகம் கோபுரமாக வளர்கிறது.

மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறைகிறது. தரையில் 33 பாகை என்றால் 5 கிலோமீட்டர் உயரத்தில் என்ன இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுழிக்கு மிக அருகில் வரும். ஆக, நமக்கும் பனி இருக்கிறது, தலைக்கு மேலே 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த உயரத்துக்கும் மேலே, மேகத்துக்குள் சின்னப் பனித்துகள்களும் மெத்தென்ற ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. இலேசான துகள்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, கனமானவை எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. அந்த வேறுபாடு தாங்க முடியாத அளவுக்குப் போனதும் காற்றையே கிழித்துக்கொண்டு மின்னோட்டம் பாய்கிறது. அதன் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகிச் சட்டென்று விரிகிறது. நாம் கேட்கும் இடி அதுதான்.

என் பாட்டி இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார். கண்ணாடியைத் துணியால் மூடுவார். வானொலியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவார். முதல் இரண்டும் அவருடைய நம்பிக்கை. மூன்றாவது நல்ல மின்பொறியியல். அதற்குப் பிறகு வருகிறேன்.

மின்பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியின் வெளிமூடியை மட்டும் திறந்து பாருங்கள். திருகாணி போட்டு மூடிய உள்பகுதியைத் தொடக்கூடாது. அது மின்பணியாளரின் வேலை. வரிசையாகச் சிறு சுவிட்சுகள் இருக்கும். இவை எம்.சி.பி. எனப்படுபவை. ஒரு வயரில் அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால், வயர் சூடாகித் தீப்பிடிக்கும் முன் இவை துண்டித்துவிடும். 6, 16, 20, 32 ஆம்பியர் என்று எண் போட்டிருக்கும். இவை வீட்டைக் காப்பவை.

உங்களைக் காப்பது வேறொன்று. வரிசையில் சற்று அகலமாக, 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தானோடு இருக்கும். அதுதான் ஆர்.சி.சி.பி. இடி இடிக்கும்போது பெரும்பாலும் விழுவது இதுதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மனித உடலுக்கு ஆம்பியர் கணக்கில் மின்சாரம் தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் சிறிதளவு மின்னோட்டம் செலுத்தி, எந்த அளவு வரை அவர்களால் பிடித்த கம்பியை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிக்கொள்ளும். கை கம்பியை விடாது. அதையும் தாண்டினால் மூச்சு தடைபடும், இதயத்தின் துடிப்பு சீர்குலையும். ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 32 ஆம்பியரில் விழ வேண்டிய எம்.சி.பி.க்கு, உங்கள் உடல் வழியாகப் போகும் 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஒருவர் உயிர்போகும் அளவுக்குத் தாக்கப்பட்டாலும் அது அசையாமல் நிற்கும்.

ஆர்.சி.சி.பி. அளவைப் பார்ப்பதில்லை; வரவையும் செலவையும் ஒப்பிடுகிறது. லைவ் கம்பியில் உள்ளே போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்துக்குள் புகுந்து போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்றின் காந்தப்புலம் அழித்துவிடும். வளையம் அமைதியாக இருக்கும். யாராவது லைவ் கம்பியைத் தொட்டு, மின்னோட்டத்தில் ஒரு பகுதி அவர் உடல் வழியாகத் தரைக்குப் போனால், திரும்பி வருவது குறையும். உடனே வளையத்தில் காந்தப்புலம் உண்டாகும். அதில் சுற்றியிருக்கும் மூன்றாவது கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது தாழ்ப்பாளை விடுவிக்க, சுவிட்ச் விழும். மின்காந்தத் தூண்டல் என்று நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்த அதே விஷயம்தான். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 வினாடிக்குள் இது விழ வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. கசிவு பெரிதாக இருந்தால் அதைவிட வேகமாக விழும்.

இந்தக் கருவிக்கும் நம் கிந்தா பள்ளத்தாக்கைப் போன்ற சுரங்க ஊர்களுக்கும் ஓர் உறவு உண்டு. 1950களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர், தங்கச் சுரங்கங்களுக்காக மின்கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டில்ஃபொன்டெய்ன் என்ற சுரங்கக் குடியிருப்பில், வீடுகளில் பெண்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன் பிறகு 1957, 1958ஆம் ஆண்டுகளில் அங்குள்ள சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் கருவிகள் பொருத்தப்பட்டன. சுரங்கத்துக்குள் இருந்த பாதுகாப்பு அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. நாம் மேலே பார்த்த டால்சியலும் 1961இல் அமெரிக்க வீடுகளுக்கு ஏற்ற ஒரு கருவியை உருவாக்கினார்.

அப்படியானால் இடிக்கு ஏன் விழுகிறது?

மின்னல் உங்கள் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் விழுந்தாலே, கம்பங்களில் ஓடும் மின்கம்பிகளில் ஒரு கணம் மிகப் பெரிய மின்னழுத்தம் தூண்டப்படும். அந்த அலை வீட்டுக்குள் புகுந்து, கணினி, தொலைக்காட்சி போன்றவற்றின் வழியாக எர்த் கம்பிக்கு ஓடப் பார்க்கும். வரவுக்கும் செலவுக்கும் வித்தியாசம் வந்துவிட்டதா? வந்துவிட்டது. ஆர்.சி.சி.பி. தன் கடமையைச் செய்கிறது. மனிதன் தொட்டானா, மின்னல் தட்டியதா என்று அதற்குத் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இடி இடித்த அதே கணத்தில் விழுந்து, தூக்கிவிட்டதும் நின்றுகொண்டால், காரணம் பெரும்பாலும் மின்னலின் அலை. இடியே இல்லாமல், மழை பெய்யும்போது மட்டும் விழுந்து, தூக்கினாலும் நிற்காவிட்டால் அது வேறு கதை. எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. வாசல் விளக்காக இருக்கலாம், பின்கட்டில் சலவை இயந்திரத்துக்கான பிளக்காக இருக்கலாம், ஓட்டை வழியாக ஒழுகி நனைந்த கூரை வயராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெரியவர் ஒருவரோடு, கை காய்ந்திருக்கும்போது, மழை விட்ட பிறகு செய்யுங்கள். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கியதும் 'டப்' என்கிறதோ, கசிவு அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, பதிவு பெற்ற மின்பணியாளரை அழைக்கலாம். "எங்கேயோ கோளாறு" என்று சொல்வதைவிட "மூன்றாவது சுவிட்ச், சமையலறைப் பக்கம்" என்று சொன்னால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

மின்னலுக்கே அடிக்கடி விழுந்தாலும் அதற்கும் தீர்வு இருக்கிறது. மின்பெட்டியில் மின்னல் அலையைத் தாங்கி எர்த்துக்குத் திருப்பிவிடும் தடுப்புக் கருவியைப் பொருத்தலாம். தேவையற்று விழாதபடி வடிவமைத்த ஆர்.சி.சி.பி. வகைகளும் கடைகளில் உண்டு. எதைச் செய்தாலும் சரி, அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுப்பது மட்டும் கூடாது. அப்படிச் செய்த வீட்டில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், எல்லாம் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். குளியலறையில் ஒருநாள் கசிவு வரும்வரை.

குளியலறையைப் பார்ப்போம். குளிர்நாட்டு வீட்டில் வெப்பம், தண்ணீர், மின்சாரம் மூன்றும் தனித்தனி அமைப்புகள். நம் வீட்டில் இவை மூன்றும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கின்றன. சுவரில் மாட்டிய சுடுநீர்க் கருவியைச் சொல்கிறேன். 3,600 வாட் கருவி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் ஓடினால் எவ்வளவு சூடாகும்? ஒரு நிமிடத்தில் கிடைக்கும் ஆற்றல் 3,600 பெருக்கல் 60, அதாவது 2,16,000 ஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். 2 கிலோவுக்கு 8,400. வகுத்தால் கிட்டத்தட்ட 26 பாகை. குழாயில் 27 பாகையில் வரும் தண்ணீர் 53க்குப் போய்விடும். குழாயைச் சற்று அதிகம் திறந்தால் சூடு குறைவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15.7 ஆம்பியர் இழுக்கிறது. நீங்களோ வெறுங்காலோடு, உடல் முழுக்க ஈரத்தோடு அதன் அடியில் நிற்கிறீர்கள். காய்ந்த தோல் மின்சாரத்துக்குத் தரும் தடையில் பெரும்பகுதி ஈரத்தில் காணாமல் போய்விடும். உடலின் தடை 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். டால்சியலின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பையும், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் பாதுகாப்பையும் கேட்பது இதனால்தான். உங்கள் சுடுநீர்க் கருவிக்கு மின்பெட்டியில் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளின் முகப்பிலும் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும்.

பழைய தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பேராக்கில் மின்சாரத்தின் வரலாறு ஈயச் சுரங்கங்களின் வரலாறு. மலாயாவில் முதன்முதலாக மின் உற்பத்தி இயந்திரம் வைத்தவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமி பிள்ளையும்தான். 1894இல் சிலாங்கூரின் ரவாங்கில், அவர்களுடைய ஈயச் சுரங்கத்துக்காக. 1930இல் பேராக் ஆற்றில் செண்டரோ அணை கட்டி முடிக்கப்பட்டபோதும், அந்த மின்சாரம் முதலில் ஓடியது கிந்தாவின் ஈயக்கப்பல்களுக்கு. ரப்பர்த் தோட்ட லயங்களுக்கு மின்சாரம் வர இன்னும் நெடுநாள் ஆனது. சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில், மாலையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், இரவு பத்துக்கு நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு இரண்டு பல்பு. அந்த அளவுக்குப் போட்ட வயரில், பிறகு குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், சுடுநீர்க் கருவி என்று ஒவ்வொன்றாக ஏறின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து வயர்களின் மேலுறை பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழிலில், நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பால், உலகமெங்கும் கம்பிகளுக்கு உறையாகவும் போனது. ஆனால் ரப்பர் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஆண்டுகள் போகப் போக இறுகி, வெடித்து, தொட்டால் உதிரும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். தகரக் கூரைக்கு அடியில் ஓடும் வயருக்கு வேறென்ன ஆகும்? துணி சுற்றியது போன்ற கறுப்பு வயரோ, பீங்கான் பியூசோ உங்கள் தாத்தா வீட்டில் இன்னும் இருந்தால், அந்த வீட்டின் வயர்களை மாற்றும் காலம் எப்போதோ வந்துவிட்டது.

எர்த் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று முள் பிளக்கில் நீளமாக இருக்கும் முள் எர்த்துக்கானது. அது முதலில் உள்ளே போய், மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கிறது. இரண்டு முள் பிளக்கை நுழைக்க நாம் என்ன செய்கிறோம்? பேனா மூடியாலோ சாவியாலோ மேல் துளையை அழுத்துகிறோம். நானும் செய்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓர் அடாப்டர் சில ரிங்கிட்தான்.

தண்ணீர்ப் பக்கம் வேலை எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர், அதாவது 5 டன் தண்ணீர், உங்கள் கூரைப் பீலி வழியாக இறங்க வேண்டும். பீலியில் இலையும் சேறும் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஏறிக் கூரைக்குள், வயர் ஓடும் இடத்துக்குள் இறங்கும். மழை விட்ட பிறகு அடைத்த பீலியில் தேங்குவது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். பெரியவர்கள் ஏணி போட்டுச் சுத்தம் செய்யும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை.

இப்போது பாட்டியின் வானொலிக்கு வருவோம். மின்னல் அலை பல ஆயிரம் வோல்ட்டில் வரும். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை அது தாவிவிடும். ஆகவே சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். மோடத்துக்கும் வானலை வாங்கிக்கும் வரும் கம்பிகளையும் சேர்த்துக் கழற்றுங்கள். இதையெல்லாம் மேகம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னும்போது பிளக்கைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் குளிக்கவும் வேண்டாம். குழாயும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள்: ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தால் அப்போதே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஒரு சோதனை. மின்சாரம் போகப்போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் வேண்டுமென்றே சிறிதளவு மின்னோட்டத்தை வளையத்துக்கு வெளியே திருப்பிவிட்டு, ஒரு பொய்க் கசிவை உண்டாக்குகிறது. உடனே விழுந்தால் கருவி வேலை செய்கிறது. தூக்கிவிட்டு, மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். நீண்டநாள் அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் தாழ்ப்பாள் இறுகிப்போகக்கூடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தச் சோதனை கருவியைத்தான் பார்க்கிறது, உங்கள் வீட்டு எர்த் கம்பியைப் பார்ப்பதில்லை. அதை மின்பணியாளர் மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். பொத்தானை அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே அவரை அழையுங்கள். அவர் வந்து மாற்றும்வரை சுடுநீர்க் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். ஈப்போவின் தண்ணீர் அப்படியொன்றும் குளிர்ந்துவிடாது.